சொன்னது சொன்னபடி

"நீ ரெண்டாவது நாளே எழுந்து போயிடுவ, பாரு," என்றார் அந்த அக்கா.

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் அவருடைய மேசை. நான் கையில் ஒரு சீட்டோடு வகுப்பிலிருந்து வெளியே வந்திருந்தேன். 'குடியரசுத் தரப்பு, தலைமை' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மூன்று நாள் பேச்சுவார்த்தைப் பயிற்சிக்கான குலுக்கலில் எனக்கு விழுந்த சீட்டு. சந்தோஷமாக அவரிடம் காட்டியதற்குக் கிடைத்த வாழ்த்து இதுதான்.

"ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?"

"எட்டு வருசமா பாத்துக்கினு இருக்கேன். உன்ன மாதிரி வூட்லேர்ந்து வர்ற புள்ளைங்க மொத நாளு நல்லாதான் பேசும். ரெண்டாவது நாளு எதிர்ல குந்திக்கினு இருக்கறவன் லேசா சிரிப்பான். அவ்ளோதான், பாத்ரூம் போறேன்னு போவும். அப்புறம் வராது."

இதைச் சொல்லிவிட்டு அவர் காகிதக் கட்டைப் பிரித்து மெஷினில் வைக்கத் தொடங்கினார். என்னைப் புண்படுத்த வேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை. பார்த்ததைச் சொன்னார். அதனால்தான் அதிகமாகக் கோபம் வந்தது.

பூனாவில் நான் எம்.ஏ. அரசியல் படித்த கல்லூரியில் அவர் துறை அலுவலக உதவியாளர். நாற்பதைத் தாண்டியிருப்பார். ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மே மாதமும் புதுப்பிப்பார்கள். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்பு வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத்துக்குத் துணி வெளுக்கப் பூனாவின் கோர்படிக்கு வந்தது. மராட்டி மாணவர்கள் அவரைத் 'தாயி' என்பார்கள். அவர்கள் மொழியில் அக்கா. பேராசிரியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டேன். "எழுதறவ பேரு எந்த ரெக்கார்டுலயும் வராது. இதுல மட்டும் இன்னாத்துக்கு?" என்றுவிட்டார்.

எல்லாக் கூட்டத்திலும் அவர்தான் பதிவு எழுதுவார். மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, விசைகளைப் பார்க்காமல், பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டுவார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும். நடுவில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசுவார்: "திரும்பச் சொல்லுங்க." ஆளுக்குத் தகுந்தபடி மராட்டியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ அதைச் சொல்வார். அதைக் கேட்டதும் பாதிப் பேர் முன்பு சொன்னதைக் கொஞ்சம் தணித்துச் சொல்வார்கள். அவர் இரண்டையும் எழுதுவார். 'முதலில் இப்படிச் சொன்னார். கேட்டபோது இப்படிச் சொன்னார்.'

ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் துறைத்தலைவர், கிராமத்துப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளைச் சேர்த்ததிலிருந்து துறையின் தரம் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் பதிவில் அது அப்படியே இருந்தது. எடுக்கச் சொன்னார்.

"சொல்லலன்னு சொல்லுங்க சார், எடுத்துடறேன்," என்றாராம் அக்கா.

சொல்லவில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் முந்தைய கூட்டத்தின் பதிவை வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது விதி. அந்த வரியைத் துறைத்தலைவர் தன் வாயாலேயே வாசித்தார். அதற்கடுத்த வாரம்தான் அக்காவின் மேசை அலுவலக அறையிலிருந்து ஜெராக்ஸ் மெஷின் பக்கம் வந்தது. மெஷினின் சூடும் சத்தமும் நாள் முழுக்க அவர் மேல். "குளிர்காலத்துல சௌகரியமாதான் கீது," என்பார்.

இது வேலைக்காக மட்டும் வந்த பழக்கமில்லை. அவருடைய தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது, கல்யாணத்துக்குப் பிறகும் பெண் வேலைக்குப் போகலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று மாப்பிள்ளையின் சித்தப்பா சொன்னார். அக்கா உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து, எல்லார் முன்னிலையிலும் அதை எழுதி, தேதி போட்டு, உரக்க வாசித்தும் காட்டினார். சித்தப்பா காபியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாம்மா இது, நாங்க இன்னா கோர்ட்டுக்கா வந்துக்கினு இருக்கோம்?" கல்யாணம் நின்றுவிடும் என்று அவருடைய அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. கல்யாணம் நடந்தது. ஆறு மாதம் கழித்து மாமியார் வீட்டில், வேலையை விடு என்றார்கள். அக்கா அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மறுபடி ஒருமுறை வாசித்தார். தங்கை இன்னும் வேலைக்குப் போகிறாள். அந்தச் சித்தப்பா மட்டும் அக்கா இருக்கும் இடத்தில் வானிலையைப் பற்றிக்கூட வாயைத் திறப்பதில்லை.

என் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா கோர்படி ரயில்வே யார்டில் பெட்டி கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா மகர்பட்டா அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இறுதியாண்டில் மூன்று நாள் ஒரு பேச்சுவார்த்தைப் பயிற்சி உண்டு. உண்மையில் நடந்த ஒரு பேச்சுவார்த்தையை எடுத்துக்கொண்டு, மாணவர்கள் இரண்டு தரப்பாக மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து மறுபடி பேச வேண்டும். சரித்திரத்தில் நடந்த முடிவே வரவேண்டும் என்று கட்டாயமில்லை. எங்களுக்குக் கொடுத்தது இந்தோனேசியா. அது தன்னைக் குடியரசு என்று அறிவித்து மூன்று வருடம் ஆகியிருந்தபோது, பழைய எஜமானர்களான டச்சுக்காரர்கள் திரும்பி வந்து அதன் தலைநகரான ஜோக்யகர்த்தாவைப் பிடித்தார்கள். அதிபரையும் மற்ற தலைவர்களையும் கைது செய்து தீவுக்கு அனுப்பினார்கள். ஆசிய நாடுகள் டெல்லியில் கூடிக் கண்டித்தன. ஐக்கிய நாடுகள் சபை நடுவில் வந்தது. அதன்பின் பேச்சு தொடங்கியது. சண்டை முழுக்க ஒரே ஒரு கேள்வியில்தான்: எது முதலில்? 'எங்கள் அரசை அதன் நகரத்தில் திரும்ப உட்காரவை, அப்புறம் மற்றதைப் பேசுவோம்' என்பது குடியரசுத் தரப்பு. 'காட்டுக்குள் இருக்கும் உங்கள் ஆட்கள் முதலில் துப்பாக்கியைக் கீழே வைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்பது டச்சுத் தரப்பு.

டச்சுத் தரப்புக்குத் தலைமை அனிகேத். நல்ல பள்ளியில் படித்தவன். அவனுடைய ஆங்கிலத்தில் எங்கேயும் முட்டும் இடம் இருக்காது. கெட்டவன் இல்லை. தோற்றுப் பழக்கமில்லாதவன், அவ்வளவுதான்.

தினமும் மாலையில் அக்கா பதிவை அச்சிட்டுக் கொண்டுவருவார். இரண்டு தலைமைகளும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். ஆளுக்கு ஒரு பிரதி. மூன்றாவது பிரதி வெளியூரில் இருக்கும் தேர்வாளருக்கு. அவர் வந்து பார்க்கமாட்டார். பதிவைப் படித்துத்தான் மதிப்பெண் போடுவார். அதில் முதலில் வருகிறவருக்கு டெல்லியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உதவித்தொகையோடு ஒரு வருட இடம். எனக்கு அது வேண்டும். அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: "அந்த எடம் கெடச்சா போ. கெடைக்கலன்னா ஹிஞ்சேவாடில வேலைக்குச் சேர்ந்துடு. அதுக்கு மேல என்னால முடியாதும்மா." அங்கே ஓர் ஐ.டி. கம்பெனியின் வேலைக் கடிதம் ஏற்கெனவே வீட்டில் அலமாரித் தட்டில் இருந்தது.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. எங்கள் அரசு முதலில் திரும்ப வேண்டும் என்றேன்.

"எந்த அரசு?" என்றான் அனிகேத். "ஒரு தீவில் எங்கள் காவலில் சில நபர்கள் இருக்கிறார்கள். அவர்களை அரசு என்று நாங்கள் ஏற்கவில்லை."

"திரும்பச் சொல்லுங்க," என்றார் அக்கா.

அவன் தணியவில்லை. இன்னும் ரசித்து, இன்னும் நிறுத்தி, அதையே சொன்னான். அவன் பக்கம் இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். தேநீர் வந்தது.

இரண்டாவது நாள் மதியம் அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டான்: "சரி, ஒரு பேச்சுக்கு நாங்கள் நகரத்தைவிட்டு விலகுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். சுடுவது நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நீ சொல்வாயா, இல்லை வீட்டுக்கு போன் போட்டுக் கேட்க வேண்டுமா?"

சிரிப்பு எழுந்தது. அக்கா சொன்ன அதே சிரிப்பு.

"எங்கள் அரசு இன்றே போர்நிறுத்த ஆணை பிறப்பிக்கும்," என்றேன்.

"திரும்பச் சொல்லுங்க."

நானும் தணியவில்லை. அனிகேத்துக்கு நான் குறைந்தவளா? இன்னும் சத்தமாக அதையே சொன்னேன். சொல்லி முடித்தபின்தான் என் பக்கம் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். எங்கள் கையில் இருந்த ஒரே துருப்புச்சீட்டு அந்த ஆணைதான். எதையும் வாங்காமல் அதைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டேன். அனிகேத் குறித்துக்கொண்டு, "நன்றி," என்றான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். யார்டில் மேஸ்திரி வந்து ஏதாவது கேட்டால் அப்பா முதலில் "ஜீ சாப்" என்பார். எதற்குத் தலையாட்டினோம் என்பது பிறகுதான் தெரியவரும். மகர்பட்டா வீட்டம்மா, "ஞாயித்துக்கிழமையும் வந்துட்டுப் போறியா கண்ணு?" என்றால் அம்மா, "சரிங்கம்மா," என்றுவிட்டு லிஃப்டில் இறங்கும்போது யோசிப்பார். கேட்டவுடன் கொடுத்துவிட்டால் நம்மை நல்லபடி வைத்துக்கொள்வார்கள் என்பது மேசைக்கு எதிரே ஒருநாளும் உட்காராதவர்களின் நம்பிக்கை. பதினேழு வருடம் படித்திருந்தும் அந்தச் 'சரி' என் வாயில் தயாராக இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மாலையில் மற்றவர்கள் போனபின் அக்காவின் மேசைக்குப் போனேன். பக்கங்கள் மெஷினிலிருந்து வந்துகொண்டிருந்தன.

"அக்கா, அந்த ஒரு வரி."

"எந்த வரி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. 'நாங்க திரும்பி வந்ததும்'னு முன்னாடி சேத்துடுங்க. நான் அதைத்தான் நெனச்சேன்."

"நெனச்சத எழுத எனக்குச் சம்பளம் இல்ல."

"நம்ம ஆளுன்னு நெனச்சேன்."

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நம்ம ஆளுக்கு ஒரு ரெக்கார்டு, அந்தப் பையனுக்கு ஒரு ரெக்கார்டா? நாளிக்கி அவன் வந்து, நான் சாரோட ஆளு, மாத்தி எழுதச் சொன்னார்ம்பான். அவனுக்கும் எழுதணும். நான் ரெண்டு தபா கேட்டேன். நீ ரெண்டு தபாவும் சொன்ன."

"அப்போ என் கதை முடிஞ்சுதா?"

"எனக்கு இன்னாத் தெரியும்? பாத்ரூம் அந்தப் பக்கம்."

அந்த நிமிஷம் அவரை எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பக்கங்களில் கையெழுத்துப் போட்டேன், பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி. பிறகு அங்கேயே காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தேன்.

"போகல?"

"போகல. மொத நாள் பக்கத்தையும் குடுங்க. என் பிரதி வீட்ல இருக்கு."

"கேட்டா குடுக்கணும்னு ரூல் கீது," என்று எடுத்துக் கொடுத்தார். எங்கே பார், எதைப் படி என்று எதுவும் சொல்லவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு டப்பாவிலிருந்து வேர்க்கடலை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டு நாள் பதிவையும் முதல் வரியிலிருந்து படித்தேன். ஆறாம் பக்கத்தில் அனிகேத் உட்கார்ந்திருந்தான், தன் இரண்டு வாக்கியங்களோடு.

மூன்றாவது நாள் நான் முதலில் பேச அனுமதி கேட்டேன்.

"நேற்று நான் கொடுத்த வாக்கு நிற்கிறது," என்றேன். "திரும்பப் பெறவில்லை. எங்கள் அரசு போர்நிறுத்த ஆணை பிறப்பிக்கும். ஆனால் முதல் நாள் பதிவின் ஆறாம் பக்கத்தில், அப்படி ஓர் அரசே இல்லை, காவலில் சில நபர்கள்தான் இருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு இரண்டு முறை சொல்லியிருக்கிறது. இல்லாத அரசின் ஆணை உங்களுக்கு எதற்கு? உங்கள் சிறையிலிருந்து ஒருவர் 'சுடாதே' என்றால் காட்டுக்குள் இருக்கிறவன் கேட்பானா? அரசு என்று ஒப்புக்கொள்ளுங்கள், அதன் நகரத்தில் அதை உட்காரவையுங்கள். நீங்கள் கேட்கும் ஆணை அன்றைக்கே வரும்."

அனிகேத் பக்கங்களைப் புரட்டினான். பிறகு புத்திசாலித்தனமாக ஒன்று கேட்டான்: "சுமத்ராவின் காடுகளில் உங்கள் அவசர அரசு ஒன்று இயங்குகிறதே. அது ஆணை போடலாமே?"

"அதை அரசு என்று ஏற்கிறீர்களா? ஏற்றால் பதிவில் சொல்லுங்கள்."

"திரும்பச் சொல்லுங்க," என்றார் அக்கா, அவனைப் பார்த்து.

அவன் திரும்பச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் இடைவேளை கேட்டான். வந்தபின், குடியரசின் அரசு ஜோக்யகர்த்தாவுக்குத் திரும்புவதில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அறிவித்தான். நிஜத்தில் அந்தத் தலைவர்கள் இதைவிட நுட்பமாகச் செய்தார்கள். காவலில் இருப்பவர்கள் அரசின் பெயரால் வாக்குக் கொடுக்க முடியாது என்று, தங்கள் சொந்தப் பெயரில் உறுதிமொழி கொடுத்தார்கள். டச்சுக்காரர்கள் பதிலுக்கு வழிவிட்டார்கள். அரசு நகரத்துக்குத் திரும்பியது. நான் முரட்டு வழியில் போய்ச் சேர்ந்தேன். ஆனாலும் போய்ச் சேர்ந்தேன்.

அன்று மாலை அனிகேத் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்குப் போடுகிறேன் என்று போய்விட்டான்.

மறுநாள் காலை துறைத்தலைவர் கூப்பிட்டார். மேசைமேல் புதிதாக அச்சிட்ட மூன்று நாள் பதிவு. அவரே உட்கார்ந்து தயாரித்தது. அனிகேத் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"மொழியை மட்டும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்," என்றார். "அவனிடம் ஒரு தவறு, உன்னிடம் ஒரு தவறு. இரண்டையும் எடுத்துவிட்டேன். வெளியாள் படிக்கப்போவது, துறையின் மானம் இருக்கிறது. உனக்கும் நல்லதுதானே?"

புரட்டிப் பார்த்தேன். ஆறாம் பக்கத்தில் அனிகேத்தின் வாக்கியங்கள் இல்லை. இரண்டாம் நாளில் என் 'சரி' இல்லை. அந்த இடத்தில் நான் மிக அழகான ஆங்கிலத்தில், நிபந்தனைகளோடு, ஒரு தூதர் மாதிரிப் பேசியிருந்தேன். நிஜத்தில் அப்படிப் பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பேனாவையும் எடுத்துவிட்டேன். இதில் கையெழுத்துப் போட்டால் எனக்கும் அவனுக்கும் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். டெல்லி கைக்கெட்டும் தூரத்தில்.

"ஒரு நிமிஷம் சார்," என்று வெளியே வந்தேன். அக்கா ஏதோ நகல் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் என்ன பண்ணட்டும்?"

"என்னக் கேக்காத. நான் எழுதறவ." மெஷினை நிறுத்தினார். "கையெழுத்து ஆகலன்னா பேச்சு இன்னும் முடியலன்னு அர்த்தம். முடியலன்னா நான் அங்க இருக்கணும்." மடிக்கணினியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போய், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து திறந்துவைத்துக்கொண்டார்.

துறைத்தலைவர் அவரைப் பார்த்தார். "இது பதிவுக்கு இல்லை."

விசைகள் தட்டும் சத்தம். "'இது பதிவுக்கு இல்லை.' எழுதிட்டேன் சார்."

"உன் ஒப்பந்தம் மே மாதம் வருகிறது, ஞாபகம் இருக்கிறதா?"

"திரும்பச் சொல்லுங்க சார்."

அவர் திரும்பச் சொல்லவில்லை. அக்கா இப்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாரையும் பார்க்கிற அதே மாதிரி. அதில் சைகை எதுவும் இல்லை, தைரியம் சொல்வதும் இல்லை. நான் எதைச் சொன்னாலும் அதை எழுதுவார். சரி என்றால் சரி என்று எழுதுவார். அவ்வளவுதான் அந்த முகத்தில் இருந்தது.

"நான் இதில் கையெழுத்துப் போடமாட்டேன்," என்றேன். "இரண்டாம் நாள் நான் தவறு செய்தேன். அந்தத் தவறு என்னுடையது. அது இல்லாவிட்டால் மூன்றாம் நாள் நான் பேசியதற்கு அர்த்தமில்லை. அக்கா எழுதிய பதிவை அனுப்புங்கள்."

"திரும்பச் சொல்லு," என்றார் அக்கா.

திரும்பச் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல்.

இதற்குப் பிறகு நீதி வென்றது என்று எழுத ஆசைதான். நடந்ததைத்தான் எழுத வேண்டும். இரு தரப்பும் ஒரே பதிவில் கையெழுத்துப் போடாததால் பயிற்சி முடிவடையவில்லை என்று அறிவித்தார்கள். எல்லாருக்கும் தேர்ச்சி மதிப்பெண் மட்டும். டெல்லி இடம் முந்தைய பருவத்து மதிப்பெண்படி அனிகேத்துக்குப் போனது. மே மாதம் அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாள் அவர் தன் டப்பாவையும் கண்ணாடிக்கூட்டையும் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "என்னாலதான்க்கா," என்றேன்.

"உன்னாலயா? இன்னா திமிரு பாரு," என்றார். "நான் எழுதுனதுக்கு நான். நீ சொன்னதுக்கு நீ. குழப்பிக்காத." பிறகு ஓர் உறையைக் கொடுத்தார். துறைத்தலைவர் அறையில் நடந்ததன் பதிவு, ஒன்றரைப் பக்கம். "இதுலயும் உன் கையெழுத்து வேணும். அவர் போடமாட்டாரு. நீயாவது போடு." மெஷின்மேல் வைத்துப் போட்டேன்.

நான் ஹிஞ்சேவாடிக்குத்தான் போனேன். கம்பெனி கேப், வாகட் பாலத்து நெரிசல், காதில் ஹெட்செட். மூன்று வருடம். அப்பாவிடம் கொடுத்த சொல் அது, காப்பாற்றினேன். அந்த நெரிசலில் உட்கார்ந்துதான் இந்தோனேசிய மொழியைப் போனில் கற்றேன்.

போன வருடம் ஜோக்யகர்த்தாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நான்கு வருட ஆராய்ச்சி இடம் கேட்டு விண்ணப்பித்தேன். எழுத்து மாதிரி ஒன்று கேட்டிருந்தார்கள். அக்காவின் பதிவை அனுப்பினேன், துறைத்தலைவர் அறையில் நடந்ததும் சேர்த்து நான்கு நாளும், ஒரு பக்கம் விடாமல். நேர்முகத்தில் ஒரு பேராசிரியை கேட்டார்: "நீங்கள் தோற்ற இடத்தை மறைத்திருக்கலாமே. யாருக்குத் தெரிந்திருக்கும்?"

"மறைத்த பிரதி ஒன்று இருந்தது," என்றேன். "அதில் என் கையெழுத்து இல்லை."

இடம் கிடைத்ததும் அக்காவுக்கு போன் செய்தேன். ஹடப்சரில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் அலுவலகத்தில் இருக்கிறார். பொதுக்குழுக் கூட்டத்துக்கு அவர்தான் பதிவு. தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் செயலாளர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டதில் இரண்டு பிளாக்குகள் ஒன்றோடொன்று பேசுவதில்லையாம். செய்தியைச் சொன்னேன். மறுமுனையில் கடலை உடைபடும் சத்தம்.

"பூரா ரெக்கார்டும் அனுப்பினியா?"

"ஆமாக்கா."

"பக்க நம்பர் வரிசையா இருந்துச்சா? ஒண்ணும் விட்டுப்போகலியே?"

"இல்லக்கா."

"அச்சா. அப்ப சரி," என்றார். வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. செயலாளர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டார்.

விசாவுக்கு மும்பை போக வேண்டும். அம்மாவும் வருவேன் என்றார். காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "எப்ப திரும்பி வருவ, சரியா சொல்லு. மகர்பட்டா வீட்ல கேக்கறாங்க," என்றார். ஒரு வருடம் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாராம். லோனாவ்ளா தாண்டும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தார். படிவத்தில் தங்கும் காலம் என்ற கட்டத்தை நான் இன்னும் நிரப்பவில்லை. தூதரகக் கவுன்டரில் இருந்தவர் அதை விரலால் தட்டிக் காட்டினார். அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான்கு வருடம் என்று எழுதி, உள்ளே தள்ளினேன்.